வாடகை வீட்டில் பாலியல் தொல்லை: வீட்டு உரிமையாளரிடம் முறையிடுவது எப்படி? புதுச்சேரி, கடலூர் குடித்தனக்காரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியின் லாஸ்பேட்டையிலும் ரெட்டியார்பாளையத்திலும், கடலூரின் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் வாடகைக்கு விடப்படும் பல வீடுகள் ஒரே மாதிரியானவை. கீழ்த்தளத்தில் உரிமையாளர் குடும்பம் இருக்கும்; மாடியில் இரண்டு மூன்று போர்ஷன்கள்; எல்லோருக்கும் ஒரே படிக்கட்டு, ஒரே மொட்டை மாடி, ஒரே தண்ணீர் மோட்டார், ஒரே இரும்புக் கேட். தெருவில் ஒருவன் சீண்டினால் அடுத்த நாள் வேறு தெரு வழியாகப் போய்விடலாம். படிக்கட்டில் நிற்பவனைக் கடக்காமல் உங்கள் வீட்டுக்குள் நீங்களே நுழைய முடியாது. நீங்கள் எத்தனை மணிக்கு வேலையிலிருந்து திரும்புகிறீர்கள், எப்போது துணி காயப்போடுகிறீர்கள், எந்த நாட்களில் தனியாக இருக்கிறீர்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். தொல்லை கொடுப்பவர் உரிமையாளராகவே இருந்துவிட்டால், மாற்றுச் சாவியும் நீங்கள் கொடுத்த அட்வான்ஸ் தொகையும்கூட அவர் கையில் இருக்கின்றன. வாடகை வீட்டில் நடக்கும் பாலியல் தொல்லையைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம்.

அமெரிக்காவில், வீட்டு உரிமையாளருக்குத் தெரிந்தும் அவர் தடுக்காத பாலியல் தொல்லை, 1968-ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் பாலினப் பாகுபாடாகக் கருதப்படலாம். அதற்கு அவரே பொறுப்பேற்க நேரலாம். அதுபோன்ற ஒரே சட்டம் நம்மிடம் இல்லை. குற்றவியல் சட்டம், வாடகைச் சட்டம், ஒப்பந்தச் சட்டம் ஆகிய மூன்றிலிருந்தும் நமக்குப் பயன்படும் பகுதிகளை நாமே எடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படிச் சேர்க்கும்போது எல்லாவற்றுக்கும் அச்சாணியாக நிற்பது, உரிமையாளருக்கு நீங்கள் எழுத்தில், தேதியிட்டு, கையொப்பமிட்டுக் கொடுக்கும் முறையீடுதான். "அப்படி ஒன்றும் என்னிடம் அந்தப் பெண் சொல்லவே இல்லையே" என்று அவர் பிற்பாடு கைவிரிக்க முடியாமல் செய்வது அந்தத் தாள் ஒன்றே.

அதோடு இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உரிமையாளரிடம் முறையிட்ட பிறகுதான் காவல் நிலையம் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உங்கள் மேல் கை வைக்கப்பட்டிருந்தாலோ, கதவை உடைத்துக்கொண்டு எவரேனும் நுழைய முயன்றாலோ, கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே 112-ஐ அழையுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181 இரவும் பகலும் இயங்குகிறது. கீழே வரும் படிகள், மூச்சு விட்டு யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கும் சூழ்நிலைக்கானவை.

முதல் படி: தொல்லை தருபவர் யார் என்று வகைப்படுத்துங்கள்

நீங்கள் போக வேண்டிய பாதை இதைப் பொறுத்தே அமைகிறது. தொல்லை தருபவர் பக்கத்து போர்ஷன்காரராகவோ, அவர் வீட்டுக்கு வந்து போகும் உறவினராகவோ இருந்தால், உரிமையாளர் உங்களுக்குத் துணையாக நிற்க வாய்ப்பிருக்கிறது; அவருக்கும் அந்தக் குடித்தனக்காரர் மேல் ஒப்பந்தப்படி அதிகாரம் இருக்கிறது. தொல்லை தருபவர் வாட்ச்மேன், வாடகை வசூலிப்பவர், பிளம்பர், புரோக்கர் என உரிமையாளர் அனுப்பி வருபவராக இருந்தால், அவரை நிறுத்துவது முழுக்க முழுக்க உரிமையாளரின் கையில்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் கடிதம் இன்னும் அழுத்தமாக இருக்கலாம். தொல்லை தருபவர் உரிமையாளரோ, அவருடைய மகனோ, சகோதரரோ என்றால் அவரிடம் முறையிடுவதில் பொருளில்லை. முன்னெச்சரிக்கை கொடுத்ததாகத்தான் ஆகும். அந்த நிலையில் ஆதாரங்களைத் திரட்டிவிட்டு நேராக ஐந்தாம் படிக்குச் செல்லுங்கள்.

வீடு இருவர் பெயரில் இருக்கும்போது, எடுத்துக்காட்டாகக் கணவன் மனைவி பெயரில் இருக்கும்போது, கடிதத்தை இருவருக்கும் எழுதுங்கள். உரிமையாளர் பிரான்சிலோ வளைகுடா நாடுகளிலோ இருந்துகொண்டு, இங்கே ஒரு உறவினரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கும் வீடுகள் புதுச்சேரியில் உண்டு. அங்கே உறவினரிடம் மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடக் கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்கே மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் முறையீடு போய்ச் சேர வேண்டும்.

இரண்டாம் படி: நடந்தது சட்டத்தின் கண்ணில் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

"தொட்டால்தானே தப்பு" என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக ஊறியிருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற மத்தியக் குற்றவியல் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி, விருப்பமில்லாத பாலியல் நோக்கமுள்ள தொடுதல், பாலியல் இணக்கத்தைக் கேட்பது, ஆபாசப் படங்களைக் கட்டாயமாகக் காட்டுவது ஆகியவற்றுக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. பாலியல் சாயலுடன் பேசுவதற்கு மட்டும் ஓராண்டு வரை. "வாடகையைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம், நீ மனசு வச்சா" என்று ஒரு உரிமையாளர் சொல்வது வெறும் அசட்டுப் பேச்சாகிவிடாது; சொன்ன சூழலைப் பொறுத்து அது 75-ஆம் பிரிவின் கீழ் வரக்கூடியது.

மானபங்க நோக்கத்தோடு பலப்பிரயோகம் செய்வது 74-ஆம் பிரிவில் வருகிறது; அதற்கு ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்து ஆண்டுகள் வரை தண்டனை. குளியலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பதும் படம் எடுப்பதும் 77-ஆம் பிரிவின் குற்றம்; முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை தண்டனை. மத்தியச் சட்டப்படி முதல் முறை ஜாமீனில் வெளிவரக்கூடியது, மறுபடி செய்தால் ஜாமீனில் வெளிவர இயலாதது. வேண்டாம் என்று தெரிவித்த பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, போன் செய்வது, சமூக ஊடகத்தில் கண்காணிப்பது 78-ஆம் பிரிவு. சொல், சைகை, ஒலி ஆகியவற்றால் பெண்ணின் கண்ணியத்தைக் கெடுப்பதும் அந்தரங்கத்தில் ஊடுருவுவதும் 79-ஆம் பிரிவு. உங்கள் பூட்டிய வீட்டைத் திறந்து உரிமையாளர் உள்ளே வருவதுகூட, உங்களை அவமதிக்கும் அல்லது துன்புறுத்தும் நோக்கம் இருந்தால், 329-ஆம் பிரிவின் கீழ் அத்துமீறி நுழைதலாகும். வாடகைக்கு விட்டபின் வீடு சட்டப்படி உங்கள் வசம் இருக்கிறது, அவரிடம் இருப்பது சொத்துரிமை மட்டுமே.

பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயது நிறையாதவர் என்றால் கதையே வேறு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அந்தக் கடமை வீட்டு உரிமையாளருக்கும் உண்டு, மறைத்தால் அவருக்கே தண்டனை. ஆகவே குழந்தை தொடர்பான விஷயத்தை "நமக்குள்ளே பேசித் தீர்த்துக்கலாம்" என்று சொல்ல அவருக்கு உரிமையே இல்லை. 1098 என்ற எண்ணை அழைக்கலாம். திருநங்கையரும் திருநம்பியரும் 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை நாடலாம். அதில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகள் வரை தண்டனை இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராகவும், தொல்லை தந்தவர் அப்படி அல்லாதவராகவும் இருந்தால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். அதைப் புகாரிலேயே எழுதிக் கேட்பது நல்லது. பிறகு சேர்க்கச் சொல்வது கடினமாகிறது.

காலக்கெடுவையும் மனத்தில் வையுங்கள். ஓராண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க ஓராண்டும், மூன்று ஆண்டுகள் வரை தண்டனை உள்ளதற்கு மூன்று ஆண்டுகளும் வரம்பாக உள்ளன. ஆபாசப் பேச்சு மட்டும் நடந்திருந்தால், "பொங்கல் கழியட்டும், பரீட்சை முடியட்டும்" என்று தள்ளிப்போடுவதில் இந்த ஓராண்டு கரைந்துவிடும்.

மூன்றாம் படி: நோட்டுப் புத்தகம்

எந்தக் கடிதத்துக்கும் முன்னால் ஒரு சாதாரண நோட்டை வாங்குங்கள். பக்க எண் அச்சிட்ட நோட்டாக இருந்தால் நல்லது. நடுவில் தாள் கிழிக்கப்படவில்லை என்பது அதிலேயே தெரியும். ஒவ்வொரு நிகழ்வையும் அன்றைக்கே எழுதுங்கள்: தேதி, கிழமை, நேரம், இடம், அவர் சொன்ன சொற்கள், அவர் செய்தது, நீங்கள் சொன்ன பதில், அங்கே யார் இருந்தார்கள், அதன் பிறகு யாரிடம் சொன்னீர்கள். சொற்களை நாகரிகப்படுத்தாதீர்கள். "அசிங்கமாகப் பேசினார்" என்று எழுதினால் பின்னால் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் அது ஒன்றையும் சொல்லாது. அவர் வாயிலிருந்து வந்த வார்த்தையை அப்படியே, அது எத்தனை கூசச் செய்தாலும், எழுதி வைப்பதுதான் பயன்படும். எழுதக் கை வராத நாட்களில் போனில் உங்கள் குரலிலேயே பதிவு செய்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவையுங்கள்; அனுப்பிய நேரம் அதில் தானாகப் பதிந்துவிடும்.

வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், அவரை உடனே பிளாக் செய்தும் விடாதீர்கள். முதலில் எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, முழு உரையாடலையும் மின்னஞ்சலில் சேமித்துவிட்டு, பிறகு பிளாக் செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்துக்கொண்டு அசல் போனை விற்றுவிட்டவர்கள் பின்னால் தவிப்பார்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது, பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். அசல் கருவி கையில் இருந்தால் அந்த வேலை எளிது. படிக்கட்டிலோ எதிர்வீட்டிலோ சிசிடிவி இருந்தால், பழைய பதிவுகள் சில நாட்களிலேயே அழிந்து அவற்றின் மேல் புதியவை பதிந்துவிடும் என்பதால், அந்த வீட்டுக்காரரிடம் உடனே பேசி அந்த நேரத்துப் பதிவைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கழிப்பறையிலோ படுக்கையறையிலோ கேமரா போன்ற ஒரு பொருளைக் கண்டால், அதைப் பிடுங்கி எறியாமல், இருந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு காவல் துறையை அழையுங்கள். கோபத்தில் உடைத்துப் போட்டுவிட்டால் அதைப் பொருத்தியவருக்குத்தான் அது உதவும்.

நான்காம் படி: உரிமையாளருக்குக் கடிதம்

இங்கேதான் பெரும்பாலான முறையீடுகள் வழுக்குகின்றன. கோயில் வாசலிலோ தண்ணீர் பிடிக்கும் இடத்திலோ வீட்டுக்காரம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொல்வோம். "நான் அவன்கிட்ட சொல்றேன்மா, நீ மனசுல வச்சுக்காத" என்று அவர் ஆறுதலாகச் சொல்வார். விஷயம் அதோடு காற்றில் போய்விடும். நேரில் சொல்வது தவறில்லை, உறவைக் கெடுக்காமல் தொடங்க அது நல்ல வழிதான். ஆனால் சொன்ன அன்றே, சொன்னதை ஒரு செய்தியாக அவருக்கு அனுப்பிவிடுங்கள்: "அக்கா, இன்று மாலை உங்களிடம் நேரில் சொன்னபடி, கீழ்ப் போர்ஷனில் இருப்பவர் என்னிடம் நடந்துகொண்ட விதம் பற்றி நீங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் பேசுவதாகச் சொன்னீர்கள்." இந்த ஒற்றை வரி, பேச்சை ஆவணமாக்கிவிடுகிறது.

முறையான கடிதத்தில் கெஞ்சலும் வேண்டாம், சாபமும் வேண்டாம். நடந்தது, நீங்கள் கேட்பது, பதில் வர வேண்டிய நாள் ஆகிய மூன்றும் போதும். ஒரு மாதிரி தருகிறேன். உங்கள் நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"பெறுநர்: வீட்டு உரிமையாளர் (முழுப் பெயர், முகவரி). பொருள்: முதல் மாடி, இரண்டாம் போர்ஷனில் குடியிருக்கும் எனக்கு நேர்ந்து வரும் பாலியல் தொல்லை குறித்த முறையீடு. ஐயா, மேற்படி போர்ஷனில் நான் வாடகை ஒப்பந்தப்படி குடியிருந்து வருகிறேன். வாடகை பாக்கி ஏதும் இல்லை. கீழ்த்தளப் போர்ஷனில் குடியிருக்கும் (பெயர்) என்பவர், ஜூன் 12-ஆம் தேதி இரவு 9.40 மணிக்குப் படிக்கட்டில் என் வழியை மறித்து (சொன்ன சொற்கள்) என்று கூறினார். ஜூன் 19-ஆம் தேதி காலை 6.15 மணிக்கு மொட்டை மாடியில் நான் துணி உலர்த்தும்போது என் கையைப் பிடித்து இழுத்தார். வேண்டாம் என்று இரண்டு முறையும் தெளிவாகச் சொன்னேன். இவை குற்றவியல் சட்டப்படி தண்டனைக்குரியவை. வாடகைக்கு விட்ட வீட்டைக் குடித்தனக்காரர் இடையூறின்றி அனுபவிக்க வகைசெய்வது உரிமையாளரின் பொறுப்பு என்பதால், கீழ்க்கண்டவற்றை ஏழு நாட்களுக்குள் செய்து, எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: அவருக்கு எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை கொடுத்தல், படிக்கட்டுக்கும் மொட்டை மாடிக்கும் விளக்கு அமைத்தல், என் கதவின் பூட்டை மாற்ற அனுமதித்தல், படிக்கட்டுக் கேமராவின் மேற்கண்ட இரு நாட்களுக்கான பதிவைப் பாதுகாத்தல். இம்முறையீட்டால் காவல் துறையை அணுகும் என் உரிமை எவ்வகையிலும் குறையாது. இப்படிக்கு."

இக்கடிதத்தில் 'இடையூறின்றி அனுபவித்தல்' என்று வருவது வெறும் அலங்காரச் சொல்லாகச் சேர்த்ததல்ல. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, வாடகை செலுத்தி நிபந்தனைகளைக் கடைப்பிடிப்பவர் இடையூறின்றி அனுபவிக்கலாம் என்று உரிமையாளர் ஒப்புக்கொண்டதாகவே கொள்கிறது. இன்னொரு குடித்தனக்காரரின் செயலுக்கு உரிமையாளர் முழுப் பொறுப்பு என்று அந்தப் பிரிவு சொல்லிவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் உரிமையாளரோ அவர் சார்பில் வருபவரோ செய்யும் இடையூறுக்கு அது நேராகப் பொருந்தும். மற்றவர் விஷயத்தில் உரிமையாளருக்கு வேறு வழி இருக்கிறது. புதுச்சேரியில் 1969-ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, அதே கட்டடத்தில் குடியிருக்கும் பிறருக்குத் தொந்தரவாக நடந்துகொள்ளும் குடித்தனக்காரரைக் காலி செய்யக் கேட்டு வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் உரிமையாளர் மனுச் செய்யலாம். "அவரைப் போகச் சொல்ல எனக்கு வழியே இல்லை" என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கடிதத்தைக் கொடுக்கும்போது, உங்கள் நகலில் அவருடைய கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அஞ்சலில் அனுப்புங்கள். பதிவுத் தபாலை அஞ்சல் துறை 2025-இல் விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டதால், சேர்ப்பித்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் இணையத்தில் காட்டும் விவரத்தின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். அதே கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள்.

அதன் பிறகு பெரும்பாலும் ஒரு சமாதான முயற்சி வரும். தெருப் பெரியவரையோ சங்கத்து நிர்வாகியையோ அழைத்து, இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேச நினைப்பார்கள். அதற்கு உடன்பட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. தொல்லை தந்தவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து நடந்ததை விவரிக்கச் சொல்வது நியாயமான விசாரணையே அல்ல என்பது என் உறுதியான கருத்து. "எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் கடிதத்தில் இருக்கிறது, ஐயா" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். "இனி பிரச்சினை இல்லை, புகாரைத் திரும்பப் பெறுகிறேன்" என்ற வாசகத்தில் எக்காரணம் கொண்டும் கையெழுத்திடாதீர்கள். குறிப்பாக, "நீங்களே வேறு வீடு பார்த்துக்கோங்களேன்" என்பது தீர்வாக முன்வைக்கப்பட்டால், அதை யார், எப்போது சொன்னார் என்பதையும் அந்த நோட்டில் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: காவல் துறை

கடலூரிலும் புதுச்சேரியிலும் மகளிர் காவல் நிலையங்கள் உள்ளன. ஆனால் எந்தக் காவல் நிலையமும் உங்கள் புகாரை ஏற்கக் கடமைப்பட்டதுதான். நம் பகுதியில் இது மிகவும் முக்கியம், ஏனெனில் எல்லை இங்கே வீட்டுக்கு வீடு மாறுகிறது. கோரிமேட்டில் ஜிப்மரில் வேலை பார்ப்பவர் பட்டானூரில் குடியிருந்தால் வீடு விழுப்புரம் மாவட்டம். முத்தியால்பேட்டையைத் தாண்டிய கோட்டக்குப்பமும் அப்படியே. பாகூர் பக்கம் கன்னியக்கோயில் புதுச்சேரி, அடுத்துள்ள ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். "இது எங்க லிமிட் இல்லம்மா" என்று சொல்லி அனுப்புவதற்கு இடமில்லாதபடி, பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பதிவு செய்துவிட்டு உரிய நிலையத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் வேலை.

அதே பிரிவின்படி, நாம் மேலே பார்த்த 74, 75, 77, 78, 79-ஆம் பிரிவுக் குற்றங்களில் பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரியே எழுத வேண்டும். மின்னணு வழியில் புகார் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையொப்பமிட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறலாம். மனு ஏற்புச் சான்று மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டால், அது வழக்குப் பதிவு அல்ல என்பதை நினைவில் கொள்ளுங்கள். மூன்று ஆண்டுகளிலிருந்து ஏழு ஆண்டுகளுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு பதினான்கு நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தச் சட்டம் இடம் தருகிறது. அதைத் தாண்டியும் பதில் இல்லை என்றால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அஞ்சல் அனுப்புங்கள், அதுவும் பயனளிக்கவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலத்தை நடுவர் முன் பதிவு செய்யவும் 183-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. போனிலோ இணையத்திலோ நடந்த தொல்லைக்கு 1930 என்ற எண்ணையும் தேசிய இணையக் குற்றப் புகார் தளத்தையும் பயன்படுத்தலாம்.

புகார் கொடுக்கும் முன்பே ஒரு விஷயத்துக்குத் தயாராக வேண்டும். இதை முன்கூட்டிச் சொல்பவர்கள் குறைவு. மத்தியச் சட்டப்படி 75-ஆம் பிரிவு ஜாமீனில் வெளிவரக்கூடிய குற்றம். கைதானவர் அன்று மாலையே திரும்பி வந்து, அதே படிக்கட்டில், அதே கேட்டருகே நிற்கக்கூடும். எனவே புகார் கொடுக்கும் நாளில் இரவு எங்கே தங்குவது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்: அம்மா வீடு, தோழியின் வீடு, அல்லது மாவட்டந்தோறும் இயங்கும் சகி ஒருங்கிணைந்த சேவை மையம். அந்த மையத்தில் ஐந்து நாட்கள் வரை தற்காலிகத் தங்கல், ஆலோசனை, சட்ட உதவி, காவல் துறையோடு ஒருங்கிணைப்பு எல்லாம் கட்டணமின்றிக் கிடைக்கும். 181-ஐ அழைத்தால் வழிகாட்டுவார்கள். மிரட்டல் தொடர்ந்தால், அமைதி காப்பதற்கான பிணைப் பத்திரம் எழுதி வாங்கும்படி நிர்வாக நடுவரிடம் கோரலாம்.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று நின்றுவிட வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம். 15100 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

ஆறாம் படி: பழிவாங்கல் தொடங்கினால்

கடிதம் போன மறுவாரம் மோட்டார் ஓடாமல் போகும். மெயின் சுவிட்ச் அணைக்கப்படும். மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு விழும். திடீரென்று மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்பார்கள். இவை ஒவ்வொன்றும் தனித்தனி மீறல்கள். கடலூர் போன்ற நகரங்களில், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுச் செய்து இடைக்கால உத்தரவு கேட்கலாம். வீட்டுக்குள் வருவதற்கும் அச்சட்டம் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுத்தில் அறிவிப்புத் தரச் சொல்கிறது. வாடகையை வாங்க மறுத்து உங்களை பாக்கிக்காரராக்க முயன்றால், அதை அதிகாரியிடமே செலுத்தவும் வழி உண்டு. இச்சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் எழுத்தில் செய்து பதிவு செய்யப்பட வேண்டும் என்பதால், பதிவாகாத ஒப்பந்தம் உங்களைச் சிக்கலில் விடலாம். அதை இப்போதே சரிபாருங்கள். புதுச்சேரியில் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் கட்டடங்களில், வசதிகளைத் துண்டிப்பதற்கும் வெளியேற்றுவதற்கும் எதிராக வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியை அணுகலாம். இரண்டு இடங்களிலும், உத்தரவு இல்லாமல் பொருட்களைத் தெருவில் எடுத்து வைக்க எவருக்கும் உரிமை இல்லை.

வாடகையை நிறுத்திவைத்து எதிர்ப்புக் காட்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். உங்கள் முறையீட்டை 'வாடகை கொடுக்காதவளின் கட்டுக்கதை' என்று மாற்றிவிட அந்த ஒரு பாக்கி போதும். கையில் பணமாகக் கொடுப்பதையும் விட்டு, வங்கி வழியாகவோ யுபிஐ மூலமோ அனுப்பி, குறிப்பில் மாதத்தை எழுதுங்கள்.

விடுதியிலோ பிஜியிலோ இருப்பவர்களுக்கு

சிதம்பரத்திலும் கடலூரிலும் கல்லூரி மாணவியரும், சிப்காட் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களும் தங்கும் தனியார் விடுதிகள், 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்து உரிமம் பெற்றிருக்க வேண்டும். அதற்கான அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. எனவே விடுதி நடத்துபவரிடம் கொடுக்கும் கடிதத்தின் நகலை ஆட்சியருக்கும், மாவட்டச் சமூகநல அலுவலருக்கும் அனுப்புங்கள். கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க் கூட்டத்திலும் நேரில் கொடுத்து ரசீது பெறலாம். விடுதியில் சமைக்கவோ துப்புரவு செய்யவோ வேலைக்கு இருக்கும் பெண்ணுக்கே தொல்லை நேர்ந்தால், 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பொருந்தும்; வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் அந்த வீடே பணியிடம்தான். அவர்கள் மூன்று மாதங்களுக்குள் மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுத இயலாதவருக்கு எழுதித் தருவது நம்மில் எவரும் செய்யக்கூடிய உதவி.

வீட்டைக் காலி செய்ய முடிவெடுத்தால்

காலி செய்வதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். இரவில் தூக்கம் வராத வீட்டில் சட்டப்படி நமக்கு இடம் இருக்கிறது என்பதற்காகவே இருந்தாக வேண்டியதில்லை. ஆனால் சண்டை போட்டுக்கொண்டு சாவியை வீசிவிட்டுப் போகாதீர்கள். ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்புக் காலத்தைப் பாருங்கள். காலி செய்யும் காரணத்தை அறிவிப்புக் கடிதத்தில் பழைய முறையீட்டின் தேதியோடு எழுதுங்கள். காலி செய்யும் நாளில் ஒவ்வோர் அறையையும், மின் மீட்டர் எண்ணையும் வீடியோ எடுங்கள். சாவி கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். வெள்ளையடிப்பு, பழுது என்று காரணம் சொல்லி அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டால், ஒரு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமே உதவி கேட்கலாம். "புகாரை வாபஸ் வாங்கினால் அட்வான்ஸைத் தருகிறேன்" என்று எவரேனும் சொன்னால், அந்தச் செய்தியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்.

புது முகவரிக்குப் போனதும், காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அந்த முகவரியை எழுத்தில் தெரிவித்து, அது எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் பாதுகாக்கும்படி கோருங்கள். பழைய வீட்டுக்கு வரும் சம்மனைக் கையெழுத்திட்டு வாங்கி ஒளித்துவைக்க அங்கே ஆள் இருக்கலாம். நோட்டு, அசல் போன், தபால் ரசீது, கடிதத்தின் நகல் ஆகிய நான்கையும் ஒரே பையில் போட்டு, வழக்கு முடியும்வரை வீட்டில் உள்ள மற்ற காகிதங்களோடு கலக்காமல் வைத்திருங்கள்.